எண்ணப்படாத அடிகள்

நடப்பவர் கால்களால் நடக்கிறார். அவர் மணிக்கட்டில் கட்டிய கருவியோ கையின் அசைவை மட்டுமே அறிகிறது. இவ்வேற்றுமையை உணராமையால் எழும் மயக்கம் ஒன்றை இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம். ஸ்மார்ட் வாட்ச் என்னும் கைக்கடிகாரம் நடையைச் சரிவர எண்ணாமற் போனால் அதனைச் செப்பனிடுவது கடைக்காரர் வேலையன்றோ, அறம் பேசும் ஏட்டில் அதற்கென்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். பொருள் சிறிதாயினும் அதனுள் அடங்கிய வினா சிறிதன்று. நிகழ்ந்தது ஒன்றாகவும் அளக்கப்பட்டது வேறொன்றாகவும் இருக்கையில் எதனை நம்புவது? அளவு பிழைபடுமாயின் அப்பிழையின் சுமை யார் தலைமேல் ஏறுவது? இவ்விரு வினாக்களுக்கும் கடைக்காரர் விடை கூற இயலாது. நாமே ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

ஒருவர் நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறார் எனக் கொள்வோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி என்பது நடுத்தர வேகம். அவ்வாறாயின் ஒரு மணி நேரத்தில் 6,000 அடியளவு நடந்திருத்தல் வேண்டும். வீடு திரும்பிக் கடிகாரத்தை நோக்கினால் அது 3,500 எனக் காட்டுகிறது. மறுநாள் அதே வழியில் அதே நேரம் நடந்தும் 5,200 என்கிறது. உடல் வியர்த்தது மெய். காலம் சென்றதும் மெய். எண் மட்டும் ஒத்து வரவில்லை.

இந்நிலையில் மக்கள் மூவகையாக ஒழுகக் காண்கிறோம். முதல் வகையினர் கருவியை நம்பித் தம் கால்களை ஐயுறுவர். ‘நாம் நடந்தது இவ்வளவே போலும்’ என வருந்தி மாலையில் மீண்டும் புறப்படுவர். முழங்கால் நொந்தாலும் எண் நிறையும் வரை ஓயார். இரண்டாம் வகையினர் சினந்து கருவியைக் கழற்றிப் பெட்டியில் இடுவர். அளப்பதே வீண் என்று பேசுவர். மூன்றாம் வகையினர் நாற்காலியில் அமர்ந்தபடியே கையை ஆட்டி எண்ணை நிறைவாக்கிக்கொள்வர். முதலாமவர் ஆராயாமல் நம்புகிறார். இரண்டாமவர் ஆராயாமல் மறுக்கிறார். மூன்றாமவர் அறிந்தே தம்மை ஏமாற்றிக்கொள்கிறார். பிழை எங்கே பிறந்தது என்று தேடும் முயற்சி மட்டும் மூவரிடத்தும் இல்லை.

தேடுவதற்கு முன் கருவி யாது செய்கிறது என அறிதல் வேண்டும். கடிகாரத்தினுள் முடுக்கமானி என்னும் நுண்பொறி ஒன்றுள்ளது. சிலிக்கனில் செதுக்கிய மிகச் சிறிய எடை ஒன்று மெல்லிய வில் போன்ற தாங்கிகளில் நிற்கிறது. கை அசைந்தால் அவ்வெடை இம்மியளவு இடம் பெயரும். அப்பெயர்ச்சி மின்னளவாக மாறும். மேல் கீழ், முன் பின், இடம் வலம் ஆகிய மூன்று வழியிலும் அசைவு இவ்வாறு அளக்கப்படுகிறது. நடக்கும் மனிதரின் கை சீரான தாளத்தில் வீசும். கால் தரையில் படும் அதிர்வும் உடல் வழியே மணிக்கட்டை வந்தடையும். அத்தாளத்தை ஒத்த அசைவு தொடர்ந்து வருமாயின், ‘இது நடை’ எனக் கடிகாரத்தில் எழுதப்பட்டுள்ள கணக்குமுறை முடிவு செய்கிறது. ஓரிரு அசைவுகளை நடையென மயங்காதிருக்கும் பொருட்டுப் பல கடிகாரங்கள் தொடர்ந்து பத்தடியளவு கண்ட பின்னரே எண்ணத் தொடங்குகின்றன. ஆதலின் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நாலடியும் ஐந்தடியுமாக நாள் முழுதும் நடப்பவரின் அடிகள் பல, கணக்கில் ஏறாமலே போதல் கூடும்.

ஆகவே கடிகாரம் காண்பது நடையின் அடையாளத்தையே. புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவதுபோல, அசைவைக் கண்டு அடி உண்டெனத் துணிகிறது. மணிமேகலை கற்றோர்க்குக் காட்சி, கருத்தளவை என்னும் இரண்டளவையும் புதியன அல்ல. கடிகாரத்தின் எண் காட்சியைச் சேர்ந்தது என நாம் மயங்குகிறோம். அது கருத்தளவையைச் சேர்ந்தது. கருத்தளவையில் பிழை இருவகையாகப் புகும். நெருப்பில்லாத இடத்தில் புகைபோன்ற ஒன்றைக் கண்டு நெருப்பென்பது ஒன்று. நெருப்பிருந்தும் புகை தோன்றாமையால் இல்லையென்பது மற்றொன்று. குண்டும் குழியுமான சாலையில் ஆட்டோவில் செல்பவரின் கடிகாரம் சில வேளை அடிகளைக் கூட்டிக் காட்டுவது முதல் வகை. தள்ளுவண்டியின் பிடியைப் பற்றியபடி ஒரு கல் தொலைவு நடந்தவரின் கடிகாரம் வாளாவிருப்பது இரண்டாம் வகை. கால்கள் நடந்தன, கை அசையவில்லை, ஆகவே கருவி அறியவில்லை.

தொலைவைக் கணிப்பதிலும் இத்தகைய அனுமானமே உண்டு. கடிகாரம் அடிகளின் எண்ணிக்கையை ஓரடியின் நீளத்தால் பெருக்குகிறது. அந்நீளத்தைப் பெரும்பாலும் நாம் பதிந்துள்ள உயரத்திலிருந்து ஊகிக்கிறது. உயரம் தவறாகப் பதியப்பட்டிருப்பின் தொலைவும் தவறும். வெளியில் நடக்கையில் ஜி.பி.எஸ். துணை கிட்டும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கின் குறிகளைக் கொண்டு நம் இடம் கணிக்கப்படுகிறது. உயர்ந்த மாடிகளிடையே அக்குறிகள் சுவரில் மோதித் திரும்பிக் காலந்தாழ்ந்து வருகின்றன. அடர்ந்த மரநிழலில் நலிகின்றன. அப்போது வரைபடத்தில் நாம் குளத்தின் மீதும் பிறர் வீட்டுக் கூரை மீதும் நடந்ததாகத் தோன்றும். இதயத்துடிப்பை அளக்கும் பச்சை ஒளியும் தோலுக்கும் கருவிக்கும் இடையே வெளி இருப்பின் தடுமாறும்.

இவ்வளவும் அறிந்தபின் பிழையைத் தேடுதல் எளிது. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு; ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். பட்டையை இறுக்கி, உயரத்தைத் திருத்தி, மென்பொருளையும் புதுப்பித்து, அனைத்தையும் ஒரே காலையில் செய்துவிட்டால், பிழை நீங்கினும் எதனால் நீங்கியது என்பதை அறியமாட்டோம். மீண்டும் அது வரும்போது முன்போலவே இருளில் நிற்போம்.

முதலாவது, பட்டையை நோக்குக. கடிகாரம் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, வழுக்காமலும் தோலை நெரிக்காமலும் அமர்ந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, எந்தக் கையில் அணிந்துள்ளோம் என்பதைச் சில கடிகாரங்களில் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். வேலை மிகச் செய்யும் கைக்கும் மற்றக் கைக்கும் அவை வெவ்வேறு கணக்கு வைத்துள்ளன. இடக்கையில் அணிவதாகப் பதிந்து வலக்கையில் அணிந்தால் எண் மாறும். மூன்றாவது, உயரம், எடை, வயது, பால் ஆகிய விவரங்களைச் சரிபார்க்க. நான்காவது, இடமறியும் அனுமதி செல்பேசியில் தரப்பட்டுள்ளதா எனவும், மின்சேமிப்பு முறை இயங்குகிறதா எனவும் காண்க. மின்னாற்றலைச் சேமிக்கும் பொருட்டுச் சில கடிகாரங்கள் துடிப்பளவையும் செயற்கைக்கோள் தொடர்பையும் குறைத்துக்கொள்கின்றன. அக்குறைவு பிழைபோலத் தோன்றும். ஐந்தாவது, கடிகாரம் தானே நடையை உணர்ந்துகொள்ளும் என்று விடாமல், புறப்படும்போதே ‘நடை’ எனக் குறித்துத் தொடங்குக. தானே உணர்வதற்குச் சில கடிகாரங்கள் பத்து நிமிடமளவு எடுத்துக்கொள்வதால் தொடக்க நடை உடற்பயிற்சிக் கணக்கில் தவறிவிடக்கூடும். ஆறாவது, மென்பொருளைப் புதுப்பித்து, கடிகாரத்தை ஒருமுறை அணைத்து எழுப்புக.

இவற்றின் பின்னும் ஐயம் தீராவிடில் கருவியைச் சோதனைக்கு உட்படுத்துதல் வேண்டும். விளையாட்டரங்குகளில் முறைப்படி அமைந்த ஓட்டப் பாதையின் உள்வரிசை ஒரு சுற்றுக்கு 400 மீட்டர். அதில் இரண்டு சுற்று நடந்து, கடிகாரம் 800 மீட்டர் காட்டுகிறதா எனக் காணலாம். அடிகளை வாய்க்குள் 500 வரை எண்ணிக் கடிகாரத்தின் எண்ணோடு ஒப்பிடலாம். கடிகாரம் நம் அடியின் நீளத்தைக் கற்றுக்கொள்ளவும் வழியுண்டு. ஆப்பிள் நிறுவனம் தன் கடிகாரத்துக்கு வகுத்த முறைப்படி, வானம் தெளிவாகத் தெரியும் சமவெளியில் ஏறத்தாழ 20 நிமிடம் இயல்பான வேகத்தில் நடத்தல் வேண்டும். அப்போது செயற்கைக்கோள் காட்டும் தொலைவையும் கை காட்டும் அடியையும் இணைத்து அது நம் நடையை அறிந்துகொள்கிறது.

சோதித்தபின் ஒன்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. பிழை என்றும் ஒரே அளவாக உள்ளதா, நாளுக்கு நாள் மாறுகிறதா? ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் காட்டும் கடிகாரம் நமக்குப் பயன்படும். நேற்றினும் இன்று மிகுதியாக நடந்தோமா என்பதை அது பொய்யின்றிக் கூறும். படிக்கல் சிறிது தேய்ந்த கடையிலும் அத்தேய்வை அறிந்தவர் கணக்கிட்டு வாங்கலாம். ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் நிறுக்கும் கடையில் எவரும் வாங்க இயலாது.

அளவை நம்புவதற்கு அதன் வழியை அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு நம் நாட்டின் வரலாற்றில் அரிய சான்று ஒன்றுண்டு. குமாவுன் மலைநாட்டில் மிலம் என்னும் சிற்றூரைச் சார்ந்த நயின் சிங் ராவத் ஒரு பள்ளி ஆசிரியர். அந்நாளில் திபெத்து அயல்நாட்டாருக்கு அடைபட்டிருந்தது. ஆங்கிலேயரின் நில அளவைத் துறை அந்நாட்டை அளக்க விரும்பி, மலைநாட்டவர் சிலருக்கு டேராடூனில் பயிற்சி அளித்தது. ஏற்றமாயினும் இறக்கமாயினும் சமநிலமாயினும் அடியின் நீளம் மாறாதவாறு நடக்க அவர்கள் பழக்கப்பட்டனர். பௌத்தர் கையில் வழங்கும் 108 மணிகள் கொண்ட செபமாலைக்கு மாறாக 100 மணிகள் கொண்ட மாலை அவர்கள் கையில் தரப்பட்டது. நூறடிக்கு ஒரு மணி தள்ளப்படும். மாலை ஒரு முறை சுற்றி வந்தால் 10,000 அடி. நயின் சிங் 1865ஆம் ஆண்டு நேபாளத்திலிருந்து திபெத்துக்குள் புகுந்து, 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். இங்கிலாந்தின் அரச புவியியல் கழகம் 1877இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

அவர் கையிலிருந்ததும் அடி எண்ணும் கருவியே. அதனை அவர் எங்ஙனம் கையாண்டார் என்பதில் நமக்குப் பாடம் உண்டு. அடியின் நீளத்தை முதலில் உறுதி செய்துகொண்டார். அதன் பின்னரே மணியை நம்பினார். மணி ஒன்றையே சான்றாகக் கொள்ளவும் இல்லை. விண்மீன்களின் உயரத்தை அளந்து தாம் நின்ற இடத்தின் அட்சரேகையைக் கண்டார்; நீர் கொதிக்கும் வெப்பத்தைக் கொண்டு நிலத்தின் உயரத்தைக் கண்டார். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சரிபார்த்தார். அவர் உறவினரான கிஷன் சிங் பின்னொரு பயணத்தில் குதிரை மீது செல்ல நேர்ந்தபோது, தம் கால்கள் நடக்கவில்லை என்பதை மறவாமல் குதிரையின் அடிகளை எண்ணினார். எண்ணப்படும் பொருள் மாறியதை உணர்ந்தவர் கணக்கையும் மாற்றிக்கொண்டார். நம் கடிகாரத்துக்கு அவ்வுணர்வு குறைவு. அதனை அணிந்தவருக்கு அது இருத்தல் வேண்டும்.

மாலையின் ஒரு சுற்று 10,000 அடி என்றோம். இன்று கோடிக்கணக்கானோர் நாள்தோறும் எட்ட முயலும் இலக்கும் அதே எண்ணாக இருப்பது தற்செயலே. இவ்விலக்கு எங்கிருந்து வந்தது? 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடைபெற்றது. அதற்கடுத்த 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் அணியும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்து, ‘பத்தாயிரம் அடிமானி’ எனப் பொருள்படும் ‘மான்போ-கேய்’ என்னும் பெயரிட்டது. மருத்துவ ஆராய்ச்சி கண்டறிந்த எல்லையாக அவ்வெண் பிறக்கவில்லை. விற்பனைப் பெயராகப் பிறந்து பழக்கத்தால் கட்டளையாயிற்று. அமெரிக்காவில் சராசரி 72 வயதான 16,741 பெண்களை ஆராய்ந்து ஐ-மின் லீ முதலியோர் 2019இல் வெளியிட்ட முடிவு இங்கு நோக்கத்தக்கது. நாளொன்றுக்கு 2,700 அடியளவு நடந்தோரைவிட 4,400 அடியளவு நடந்தோரிடையே இறப்பு குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் அக்குறைவு மேலும் வளரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிகளோ அடியைக் கூறவே இல்லை. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்கின்றன. நிமிடத்தை அளக்கச் சுவர்க்கடிகாரமே போதும். நடக்கும்போது பேச இயன்று, பாட இயலாதிருப்பின் அது நடுத்தர உழைப்பு எனக் கொள்ளலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டா.

ஆகவே 9,400இல் நின்றுவிட்ட எண்ணைக் கண்டு இரவு பத்து மணிக்குக் கூடத்தைச் சுற்றிவருபவர், உடலுக்கு உழைக்கிறாரா எண்ணுக்கு உழைக்கிறாரா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நன்று. நடை உடல்நலத்துக்காக, எண் நடைக்காக. இவ்வரிசை தலைகீழானால் கருவி பிழையின்றி இயங்கினும் மனிதர் பிழைபடுகிறார். விகாரையில் நடைத் தியானம் பயில்வோர் ஓரடியை எடுத்து வைப்பதையே ஊன்றிக் கவனித்து மிக மெல்ல நடக்கின்றனர். அந்த ஒரு மணி நேர நடையைக் கடிகாரம் பெரும்பாலும் எண்ணாது. அதனால் அந்நடைக்குக் குறைவு யாது?

இதுகாறும் கூறியது தம் விருப்பத்தால் கடிகாரம் அணிந்தவரைப் பற்றியது. அவருக்கு எண் குறைந்தால் மனக்குறை ஒன்றே மிஞ்சும். நாம் இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டியது, எவருடைய அடிகள் எண்ணப்படாமற் போகின்றன என்பதை. மெல்ல நடப்போரின் அடிகளைக் கருவிகள் குறைத்து எண்ணுகின்றன என்பது ஆராய்ச்சிகளில் பன்முறை கண்ட உண்மை. கைத்தடி ஊன்றும் முதியவர், நடைச்சட்டகத்தைப் பற்றி நடக்கும் நோயாளி, குழந்தையை இரு கையாலும் அணைத்து நடக்கும் தாய், தலைச்சுமையை ஒரு கையால் தாங்கி நடக்கும் பெண், குப்பை வண்டியைத் தள்ளிச் செல்லும் தொழிலாளி ஆகிய இவர்கள் கை வீசி நடப்பதில்லை. பூங்காவில் காலை உலா வருபவரின் நடையே பெரும்பாலும் ‘நடை’ என்பதற்கு இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. சுமந்து நடப்பவரின் நடை அவ்விலக்கணத்துக்குப் புறம்பாயிற்று. எவரும் தீய எண்ணத்தால் இதனைச் செய்தனர் என நாம் கூறவில்லை. ஆயினும் உழைத்து நடப்பவரின் அடியே மிகுதியும் கணக்கில் ஏறாமற் போவது நம் சிந்தனைக்குரியது.

இவ்வேற்றுமை கூலியைத் தொடும்போது வினா கடுமையாகிறது. 2020ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளில் நாக்பூர், சண்டிகர், பஞ்ச்குலா முதலிய நகரங்களில் துப்புரவுத் தொழிலாளருக்கு இடங்காட்டும் கைக்கடிகாரங்கள் அணிவிக்கப்பட்டன. அவர்கள் எங்கே நிற்கின்றனர், எவ்வளவு நேரம் வேலை செய்கின்றனர் என்பதை அலுவலகத்தில் அமர்ந்து காணும் ஏற்பாடு இது. தொழிலாளர் எதிர்த்தனர். கருவி பழுதுபட்டாலும் தங்கள் ஊதியமே பிடிக்கப்படுகிறது என்பது அவர்கள் முறையீடுகளுள் ஒன்று. அக்கடிகாரம் அடியை எண்ணுவதைவிட இடத்தைக் காட்டுவதற்கே அமைந்தது. ஆயினும் வினா ஒன்றே. தெருவைக் கூட்டியவர் தெருவில் இருந்தார். மாடிகளின் இடையே குறி மோதித் திரும்பியமையால் அவர் வேறெங்கோ இருந்ததாகக் கருவி உரைத்தால், அன்றைய கூலி யாருடையது?

வசதியுள்ளவர் தம் கடிகாரம் பிழைத்தால் அதனை மேசைமீது வைத்து, பட்டையைத் திருத்தி, மென்பொருளைப் புதுப்பித்து, ஓய்ந்தவேளையில் சோதிக்கிறார். கருவிமீது ஐயங்கொள்ளும் உரிமை அவருக்கு இயல்பாகவே உள்ளது. தொழிலாளிக்கு அவ்வுரிமை இல்லை. அவர் மணிக்கட்டில் உள்ள கருவி அவருடையதன்று. அதன் அமைப்பை அவர் திறந்து காண இயலாது. அதன் கணக்கு அவருக்குக் காட்டப்படுவதும் இல்லை. அங்கே கருவி குறைத்துக் காட்டினால் ஐயம் கருவிமீது எழாமல் மனிதர்மீது எழுகிறது. ‘நான் நடந்தேன்’ என்பவரின் சொல்லைவிட ‘நடக்கவில்லை’ என்னும் பொறியின் சொல்லுக்கு மதிப்பு மிகுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சொல் ஏற்கப்படாமல் இருந்தவரின் சொல் இப்போது புதிய சாட்சி ஒன்றின் முன் மீண்டும் தோற்கிறது.

இதற்கு எதிராகச் சிலர் கூறுவதையும் நாம் செவிமடுத்தல் வேண்டும். ‘மேற்பார்வையாளர் பொய் கூறுவார், வேண்டியவருக்கு வருகை இட்டு வேண்டாதவருக்கு மறுப்பார், கருவிக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் இல்லை, ஆகவே கருவியே ஏழைக்குக் காவல்’ என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. மனிதரின் ஓரவஞ்சனையால் நம் மக்கள் இழந்தது சிறிதன்று. நன்கு சோதித்த கருவி, வராதவருக்கு வருகை இடும் களவைத் தடுக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓரவஞ்சனை இல்லாமை வேறு, பிழை இல்லாமை வேறு. தள்ளுவண்டி தள்ளுபவரைக் கருவி வெறுக்கவில்லை. அவரை அது காணவில்லை. வெறுப்பினால் கூலி இழப்பதற்கும் காணாமையால் கூலி இழப்பதற்கும் உலையில் இடும் அரிசியளவில் வேற்றுமை யாதும் இல்லை. அன்றியும் வெறுக்கும் மேற்பார்வையாளர்மீது முறையிடலாம். காணாத கருவியின்மீது முறையிட இடமே வைக்கப்படாவிட்டால் பழைய கொடுமையினும் இது மாற்றுதற்கரியதாகும்.

ஆகவே நாம் துணிவது இது. அளவு ஒரு சாட்சி. சாட்சியை விசாரியாமல் தீர்ப்புக் கூறுதல் முறையன்று. தம்மைத் தாமே அளந்துகொள்பவர் தம் கருவியை விசாரித்தல் அவருடைய அறிவுடைமை. பிறரை அளப்பவரோ தம் கருவியை விசாரித்தே ஆகவேண்டிய கடப்பாடு உடையவர். அளப்பவர் கையில் அதிகாரம் எவ்வளவு மிகுமோ அவ்வளவு அக்கடமையும் மிகும். பிழையை மெய்ப்பிக்கும் சுமையைக் கூலி இழந்தவர் தலைமேல் ஏற்றுதல் அறமாகாது. கூலி பிடிப்பவரே தம் கருவி பிழையற்றதென்று காட்டக் கடவர்.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. வேலையிடத்தில் கருவி புகுத்தப்படுமாயின், புகுத்துமுன் அவ்வேலை செய்வோர் கையிலேயே அது சோதிக்கப்படல் வேண்டும். பூங்காவில் உலாவுபவர் கையில் சோதித்தது போதாது. கருவி காட்டும் கணக்கு அணிந்தவர் கண்ணுக்கும் தெரிதல் வேண்டும். கருவி ஒன்றையே சான்றாகக் கொண்டு ஊதியம் பிடித்தல் கூடாது. இரண்டாம் சான்று ஒன்று வேண்டும். மாறுபாடு தோன்றினால் தொழிலாளியை அழைத்துக் கேட்டல் வேண்டும். விண்மீனையும் கொதிநீரையும் துணைச்சான்றாகக் கொண்டு மலை கடந்தவரிடம் இருந்த எச்சரிக்கை, மின்விசிறியின் கீழ் அமர்ந்து கூலி கணக்கிடுபவரிடமும் இருக்கக் கேட்பது மிகையன்று.

நம் இல்லங்களிலும் இதற்கு இடமுண்டு. பிள்ளைகள் பெற்றோருக்கு அன்பினால் கடிகாரம் வாங்கி அணிவிக்கின்றனர். தொலைவிலிருந்து செல்பேசியில் எண்ணைக் கண்டு, ‘அம்மா, இன்று நீங்கள் நடக்கவே இல்லையே’ எனக் கடிந்துகொள்கின்றனர். அந்த அம்மையார் அன்று தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைத்து நான்கு முறை குழாயடிக்குச் சென்று வந்திருப்பார். கடிந்துகொள்வதற்கு முன் கேட்பது நன்று: ‘அம்மா, இன்று எங்கெல்லாம் போய் வந்தீர்கள்?’ அவர் கூறும் விடையில் அடிகளின் எண்ணிக்கை இராது. ஆனால் நடை முழுதும் இருக்கும்.